எட்டுத் தலைகளும் ஆடின

"அப்போ ரெண்டாம் நிலைக்கு எல்லாரும் வருவீங்கதானே?" என்று மிலென் கேட்டான். எட்டுத் தலைகளும் மேலும் கீழும் ஆடின.

வேறு ஓர் ஆசிரியராக இருந்தால் இந்த இடத்தில் மகிழ்ந்திருப்பார், இல்லாவிட்டால் அழுதிருப்பார். மிலெனுக்கு இரண்டில் எதைச் செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் பிலோவ்திவ் நகரத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம். இடமும் வலமுமாக அசைத்தால் ‘ஆமாம்’. பல்கேரியாவில் பிறந்த எந்தக் கழுத்துக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஜப்பானிலோ விஷயம் நிஜமாகவே தலைகீழ். அங்கே மேலும் கீழும் ஆட்டினால்தான் ஆமாம். பொழுதுபோக்குக்காக ஜப்பானிய மொழி படிக்க வரும் பெரியவர்களுக்கென்று மிலென் வடிவமைத்த பாடத்திட்டத்தில், நான்காம் பாடத்தின் பெயரே ‘ஜப்பானியத் தலை’. தொண்ணூறு நிமிடமும் வேறு எதுவும் கிடையாது. கேள்வி, தலையாட்டல், கேள்வி, தலையாட்டல். அவனே பத்து வருடம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய தலை அது.

அந்தப் பாடம் அமோக வெற்றி. ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஸ்பாசோவ் மறுவாரம் கழுத்துப் பட்டையோடு வந்தார். ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர் போரில், வீட்டில் மனைவி "இந்தப் பழைய கோட்டைத் தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டதற்கு ‘தூக்கிப் போடு’ என்று ஜப்பானிய முறையில் ஆட்டப்போய், அந்தக் கோட்டை இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறார்.

ஆகவே, ஆடிய எட்டுத் தலைகளும் பல்கேரியத் தலைகளா, ஜப்பானியத் தலைகளா? உடனே வாய் திறந்து இன்னொரு முறை கேட்டிருக்கலாம்தான். ஆனால் முதல் நிலையின் கடைசி வகுப்பு அது. எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஸ்பாசோவின் மனைவி கொடுத்தனுப்பிய பூசணிக்காய்ப் பனித்ஸாப் பலகாரம் டப்பாவோடு கைக்குக் கை சுற்றிக்கொண்டிருந்தது. மிலென் பதிலுக்குத் தானும் தலையாட்டிவிட்டு, வாயில் பனித்ஸாவோடு படியிறங்கினான்.

கீழே அறிவிப்புப் பலகையில் பிப்ரவரி மாத அட்டவணை ஒட்டியிருந்தது. செவ்வாய் மாலை ஆறு மணி, மூன்றாம் எண் அறை. ஆறு வருடமாக அவனுடைய அறை, அவனுடைய நேரம். அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘செவிலியருக்கான ஜெர்மன்’. அடியில் ஒரு குறிப்பு: இறுதி அட்டவணை வெள்ளி மாலை நான்கு மணிக்குத் தட்டச்சாகும்.

மொழிப் பள்ளியின் விதி எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு பேர் இல்லையென்றால் வகுப்பு இல்லை. போன வருடம் போர்ச்சுகீசிய ஆசிரியைக்கும் இப்படித்தான் பென்சிலால் எழுதினார்கள். அவள் ஆறு பெயரைக் கொண்டுவந்து நீட்டினாள், பென்சில் அழிந்தது. மிலென் பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். வரவேற்பு மேஜையில் தோத்கா அக்கா தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். இயக்குநர் கெரோவா அம்மையாரோ சோஃபியாவுக்குப் போனவர், திங்கட்கிழமைதான் திரும்புவார். வந்தாலும் மிலென் போய்க் கேட்டிருக்க மாட்டான். அவரைக் கண்டால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் நிலை என்பது அவனுக்கு வெறும் வகுப்பு அல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நிலை யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. கழிப்பறை எங்கே, இது என்ன விலை, என் பெயர் போரில். இரண்டாம் நிலையில் மிலென் ஓர் ஊரையே கட்டியிருந்தான். அந்த ஊருக்குப் பெயர் இல்லை. முதல் பாடத்தில் படிப்பவர் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மழை. முகம் தெரியாத யாரோ அவர் கையில் ஒரு குடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டு மாலைகளும் அந்தக் குடையைத் திருப்பிக் கொடுக்க ஊருக்குள் விசாரித்துக்கொண்டே நடக்க வேண்டும். நூடுல்ஸ் கடைக்காரரிடம், பாலத்தடியில் மீன் பிடிப்பவரிடம், கோயில் வாசலைப் பெருக்கும் பெண்மணியிடம். விசாரிக்க விசாரிக்க மொழி வரும். மழைக்கே பதினாறு வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தான். ஊரின் வரைபடத்தை வண்ணப் பென்சிலால் வரைந்து ஒரு பச்சைக் கோப்பில் வைத்திருந்தான்.

ஜப்பானுக்கு அவன் போனதில்லை. போக வாய்க்கவில்லை. ஆனால் இந்த ஊருக்கு ஆறு வருடமாகத் தினமும் போய்க்கொண்டிருக்கிறான். பல் தேய்க்கும்போது, காய்கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, எவராவது அவனிடம் முக்கியமாக எதையாவது சொல்லும்போது. சட்டென்று கண் ஒரு மாதிரி மங்கும், ஆள் அங்கே இறங்கிவிடுவான். பொழுதுபோக்குக்குப் படிப்பவர்கள் வருடா வருடம் முதல் நிலையோடு நின்றுவிடுவார்கள். ஒருவர் தோட்டம் போடப் போவார், ஒருவருக்குப் பேரன் பிறக்கும். அதனால் அந்த ஊருக்குள் அவனைத் தவிர இன்னொருவர் கால் வைத்ததில்லை. ஊர் அலுக்கவில்லை. ஆனால் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் ஏக்கமாக இருந்தது. இந்த எட்டுப் பேரும்தான் முதல்முறையாகக் கடைசிவரை வந்தவர்கள். அவர்களை எப்படியாவது ரயிலேற்றிவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

ஆறு பெயர். மூன்று நாள்.

புதன்கிழமை காலை ஏழாம் எண் பேருந்தில் முன்வாசல் வழியாக ஏறி, ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டான். போரில் அவனைப் பார்த்ததும் ‘சென்செய்’, அதாவது ஆசிரியரே, என்று இருக்கையிலிருந்தபடியே குனிந்து வணங்கினார். பேருந்தும் கூடவே லேசாக வளைந்தது.

எங்கள் ஊரில் மரியாதையாகக் கேட்பதென்றால் எதிர்மறையாகத்தான் கேட்பார்கள். மிலென் மரியாதை தெரிந்தவன்.

"போரில், நீங்க ரெண்டாம் நிலைக்கு வரமாட்டீங்களா?"

போரில் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹாய்" என்றார்.

ஹாய் என்றால் ஜப்பானிய மொழியில் ஆமாம். மிலெனுக்குச் சந்தோஷம் நெஞ்சுவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் வழக்கப்படி இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் ‘வருவேன்’. ஜப்பானிய வழக்கப்படியோ, ‘ஆமாம், நீங்கள் சொல்வது சரி, வரமாட்டேன்.’ இந்த வித்தியாசத்தை ஆறாம் பாடத்தில் இரண்டு வண்ணச் சாக்பீஸால் விளக்கியவன் மிலெனேதான். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் போரில்.

"எந்த ஹாய், போரில்?"

"சென்செய், பின்னாடி ஒரு அம்மா வண்டிக்குள்ள ஏற முடியாம நிக்கறாங்க. கொஞ்சம் உள்ள போறீங்களா?"

உள்ளே போனான். கூட்டம் அவனை இன்னும் உள்ளே தள்ளியது. இறங்கும்போதுதான் எதிர்த் திசையில் ஏறியிருக்கிறோம் என்பது தெரிந்தது. கடைசி நிறுத்தத்தில் மரீத்ஸா ஆற்றின் மேல் பனிமூட்டம் பால் கொதித்துப் பொங்கியது போலக் கிடந்தது. அக்கரை தெரியவில்லை. பாலத்தின் மேல் நடந்து வரும்போது அது தன் ஊர்ப் பாலம்தான் என்று கொஞ்ச நேரம் நம்பினான். கீழே தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிலென் அவரை ஜப்பானிய மொழியில் நலம் விசாரித்தான். அவர் பல்கேரிய மொழியில் அவனைத் தள்ளிப் போகச் சொன்னார், மீன் ஓடுகிறதாம்.

மத்தியானம் ஸ்பாசோவின் வீட்டுக்குப் போனான். நேரில் கேட்டால் ஏமாற்றம் இருக்காது என்று கணக்கு. டாக்டர் பால்கனியில் தன் குட்டை மரங்களுக்கு நடுவில் இருந்தார். மிலென் இந்த முறை எதிர்மறை எதுவும் வைக்காமல், நேராக, தெளிவாக, ஜப்பானிய மொழியிலேயே கேட்டான்: இரண்டாம் நிலை எப்படி, டாக்டர்?

"கெக்கோ தெஸ்" என்றார் டாக்டர்.

அந்தச் சொல்லுக்குப் ‘பிரமாதம்’ என்றும் பொருள், ‘போதும், வேண்டாம்’ என்றும் பொருள். எது என்பதைக் கையசைவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எட்டாம் பாடம் சொல்கிறது. டாக்டரின் ஒரு கையில் தொட்டி, இன்னொரு கையில் கத்தரிக்கோல்.

"கையைக் கொஞ்சம் காலி பண்ண முடியுமா டாக்டர்?"

டாக்டர் இரண்டையும் கீழே வைத்துவிட்டு, காலியான இரண்டு கைகளாலும் மிலெனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். பல் பிடுங்குவதற்கு முன்னால் பிடிப்பது போல இதமாக.

"நல்லா ஓய்வெடுங்க சென்செய். ஒத்தை ஆளா எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. யாரும் உங்களைத் தப்பா நினைக்கல."

தப்பாக நினைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பாடத்திட்டம் சரியில்லை, அதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லை, அதுதான் சங்கதி என்று மிலென் முடிவு கட்டினான். டாக்டரின் மனைவி மிளகாய்த் தொக்கு ஒரு பாட்டிலும் ஊறுகாய் ஒரு பாட்டிலும் பையில் போட்டுக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். துக்க வீட்டுக்கு வந்தவனைப் போல அவன் இரண்டு பாட்டிலையும் அணைத்துக்கொண்டு நடந்தான்.

பேச்சை நம்பியது தப்பு, எழுத்தில் கேட்க வேண்டும் என்று அன்று மாலை தோன்றியது. அவனே கையால் ஒரு படிவம் வரைந்தான். ‘இரண்டாம் நிலை’ என்று மேலே, அதன் கீழே ஒரே ஒரு கட்டம். குழப்பத்துக்கு இடமே இல்லை. எட்டுப் பிரதி எடுத்து தோத்கா அக்காவின் மேஜையில் வைத்து, வருகிறவர்களிடம் கொடுத்து வாங்கிவைக்கும்படி கேட்டுக்கொண்டான். அக்கா படிவத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு சார்" என்றாள்.

ஒரு கட்டம் வரைவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை. அவன் அப்போது ஊரில் இருந்தான். கோயில் வாசலில் தூறிக்கொண்டிருந்தது.

வியாழன் மத்தியானம் எட்டும் நிரம்பி வந்துவிட்டன. உறையைப் பிரித்துப் படிவங்களை மேஜையில் பரப்பினான். மூன்று கட்டங்களில் டிக். இரண்டில் வட்டம். இரண்டில் பெருக்கல் குறி. ஒன்றில் பூ.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். டிக் என்றால் எங்களுக்குச் சரி, ஜப்பானிய வாத்தியார்களுக்குத் தப்பு. வட்டம் என்றால் அவர்களுக்குச் சரி, எங்களுக்கு வெறும் பூஜ்யம். பெருக்கல் குறி என்றால் அவர்களுக்குத் தப்பு. நாங்களோ தேர்தலில் யாரைப் பிடிக்கிறதோ அவருக்குத்தான் அதைப் போடுவோம். ஒன்பதாம் பாடம், ‘திருத்தும் குறிகள்’. அதை எழுதிய புண்ணியவான் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பூவை வரைந்தவள் நெவ்யானா, பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஜப்பானில் குழந்தைகள் நன்றாக எழுதினால் வாத்தியார் நோட்டில் அப்படி ஒரு பூ போடுவார். பூவின் கீழே அழகான எழுத்தில், ‘இதுவரை செய்ததற்கெல்லாம் நன்றி’ என்று இருந்தது. யாருக்கு யார் பூ போடுகிறார்கள், இதுவரை என்றால் எதுவரை, ஒன்றும் விளங்கவில்லை.

இனி அர்த்தம் தேடிப் பயனில்லை. வராதவர்களையும் வரவைப்பது ஒன்றுதான் வழி. மிலென் பச்சைக் கோப்பைத் திறந்து, பாடத்திட்டத்தை மாற்ற உட்கார்ந்தான்.

முதலில் சித்திர எழுத்துகளைப் பாதியாகக் குறைத்தான். பிறகு முழுதாக எடுத்தான். வீட்டுப்பாடம் போனது. பதினாறு மழை வார்த்தைகளில் ‘மழை’ என்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். பாலத்தடி மீன்காரரை வெளியேற்றினான். பெருக்கும் பெண்மணியை அனுப்பும்போது மனசு கேட்கவில்லை, அவளை ஒரு சுஷிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டான். கடைசியில் குடை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட்டில் பொருள் வாங்கும் பயிற்சி என்று எழுதினான். எழுதி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. சொந்த ஊரில் தன் கையாலேயே புல்டோசர் ஓட்டியவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

அதை எட்டுப் பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினான். கொஞ்சி, கெஞ்சி, நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று மூன்று முறை எழுதியிருந்தான்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மரியாதையாக இருந்தது. ஒருவர் குளிர்காலத்தைப் பற்றி எழுதியிருந்தார். இன்னொருவர் அவனுடைய உடல்நலத்துக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். போரில் முழுக் கடிதத்தையும் ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தார். பிழை தேடினான், கிடைக்கவில்லை. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஓரிடத்திலும் இல்லை.

நெவ்யானாவைத் தொலைபேசியில் அழைத்தான். அவள் பட்டென்று உடைத்துப் பேசுகிறவள். பிரசவ அறையில் சுற்றிவளைத்துப் பேச நேரம் ஏது?

"நெவ்யானா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். ரெண்டாம் நிலைக்கு வாங்க. இன்னும் சுலபமா வேணும்னா இன்னும் சுலபமாக்கறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இவ்வளவு தூரம் சொல்லணும்னு அவசியமே இல்ல சென்செய். எங்களுக்குப் புரியுது."

"என்ன புரியுது?"

"அது வந்து... கொஞ்சம்..."

அவ்வளவுதான். வாக்கியம் முடியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஏழாம் பாடம், ‘மறுக்காமல் மறுப்பது’. நாகரிகமானவர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், ‘கொஞ்சம்’ என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். கியோட்டோவில் வீட்டுக்காரர் ‘இன்னும் ஒரு கிண்ணம் தேநீர்ச் சோறு சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று வற்புறுத்தினால், நேரமாகிவிட்டது கிளம்புங்கள் என்று அர்த்தம். வற்புறுத்தல் ஏற ஏற, விருந்தாளி சீக்கிரம் செருப்பைத் தேட வேண்டும். இதையெல்லாம் நடித்துக் காட்டி நடத்தியபோது நெவ்யானாவுக்குக் கடைசிவரை வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்று போட்டு உடைத்துவிடுவாள். இப்போது எவ்வளவு அழகாக இழுத்துவிட்டாள். ஆசிரியன் என்ற முறையில் மிலெனுக்குப் பெருமையாக இருந்தது. மனிதன் என்ற முறையில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வெள்ளி மூன்று மணிக்குச் சான்றிதழ் வழங்கும் விழா. எட்டுப் பேரும் நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். டாக்டர் கழுத்துப் பட்டைக்கு மேலேயே டை கட்டியிருந்தார். போரில் பழைய கோட்டில் பூச் செருகியிருந்தார். மிலென் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, இரண்டு கைகளாலும் சான்றிதழைக் கொடுத்தான். அவர்கள் இரண்டு கைகளாலும் வாங்கிக் குனிந்தார்கள். அவனும் குனிந்தான். அவன் நிமிர்வதற்குள் அவர்கள் மறுபடி குனிந்தார்கள். இதிலேயே இருபது நிமிடம் போயிற்று.

பிறகு போரில் எல்லோர் சார்பாகவும் பேசினார். மூன்று நிமிடம், சுத்தமான ஜப்பானிய மொழி. பனிமூட்டத்தில் தொடங்கினார். ஆசிரியரின் உழைப்புக்கு வந்தார். செவ்வாய் மாலைகள் இனி எப்படி இருக்கும் என்பதைத் தொட்டார், தொட்ட இடத்தில் நிறுத்தினார். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. முடிக்காத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மற்ற ஏழு பேர் மெல்லத் தலையசைத்தார்கள். எந்தத் திசையில் என்று மிலென் பார்க்கவில்லை. அவன் கண்ணில் நீர் நிறைந்து எல்லாம் அலைந்துகொண்டிருந்தது.

இவர்களுக்கு இனிச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை என்று தோன்றியது. ஒருவனை நோகடிக்காமல் இவ்வளவு நேர்த்தியாக மறுக்கத் தெரிந்தவர்கள் மொழியைப் படித்து முடித்துவிட்டார்கள். அவன் வடிவமைத்த பாடத்திட்டம் வேலை செய்திருக்கிறது. நன்றாக, தேவைக்கு அதிகமாகவே வேலை செய்திருக்கிறது. வாய்வரை ஒரு சொல் வந்தது. எளிய பல்கேரியச் சொல், வாங்களேன் என்று. எட்டுப் பேரும் இடுப்புவரை குனிந்து நிற்கும்போது அதை யார் முதுகின் மேல் வைப்பது?

அவர்கள் போனார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தான். சந்தின் முனையில் பனிமூட்டத்துக்குள் எட்டுப் பேரும் கூடி நின்றிருந்தார்கள். வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் மாதிரி காலை மாற்றி மாற்றி நின்றார்கள். குளிருக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழே இறங்கினான். தோத்கா அக்கா கணினியில் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, காபி இயந்திரத்திலிருந்து எடுத்த கோப்பையை ஊதிக்கொண்டிருந்தாள். செவ்வாய் ஆறு மணிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"ஜெர்மனையே போட்டுடுங்கக்கா" என்றான் மிலென். "எனக்கு ஆறு பேர் கிடைக்கல. ஒருத்தருக்கும் ரெண்டாம் நிலை வேண்டாமாம்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாருக்கு வேண்டாமாம்? எட்டுப் பேரும் டிசம்பர்லயே பேர் எழுதிக் கொடுத்தாச்சே."

மிலென் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க எடுக்கப்போறதில்லன்னு இயக்குநர் அம்மா சொன்னப்போ, அந்த டாக்டர் இதே நாற்காலியில உக்காந்து அழுதார் சார். மூணு நாளா எட்டுப் பேரும் மாத்தி மாத்தி எனக்குத்தான் போன். சார் மரியாதைக்காக விடாம கூப்பிடறார், முடியாதவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது, அவர் மனசு நோகாம எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு கேட்டுக் கேட்டு என் காதே வலிக்குது."

"நான் எடுக்கப்போறதில்லன்னு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? ‘ரெண்டாம் நிலை எடுக்கறீங்களா மிலென்’னு இயக்குநர் அம்மா இதே இடத்துல நின்னு கேட்டப்போ, சிரிச்ச முகமா மேலயும் கீழயும் ஆறு தடவை தலையாட்டினது நீங்கதானே சார்?"